கைப்பூவுக்கு வைத்த கற்கள்

விழுப்புரத்தில் ஒரு வண்ணமீன் கடையில் வேலை செய்கிறேன். வாரம் ஒருநாள் பஸ் ஏறித் திண்டிவனம் போய் ஒரு வீட்டின் கடல்நீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வேன். அந்த வீட்டுப் பையன் ஆசையாக வைத்த தொட்டி. வேலை கிடைத்து அவன் வெளிநாடு போய்விட, இப்போது அவன் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். எனக்கு ஆட்களிடம் பேச வராது. அந்தம்மா எது கேட்டாலும் கண்ணாடியைப் பார்த்தே பதில் சொல்வேன்.

தொட்டியில் ஒரே பாறையில் இரண்டு வகை மென்பவளங்கள் இருந்தன. பார்க்கச் செடி போலிருந்தாலும் இரண்டும் உயிருள்ள பிராணிகள். ஒன்று பட்டன். சட்டைப் பொத்தான் அளவில் பச்சை முகம், ஓரத்தில் ஆரஞ்சு. பையன் முதன்முதலில் வாங்கியது அதுதான். இன்னொன்றைக் கடையில் கைப்பூ என்போம். வெளுத்த காம்பின் நுனியில் குழந்தையின் விரல்களைப் போலச் சின்னச் சின்னக் கைகள். அவை விரியும், மூடும், மறுபடி விரியும். நிற்பதே இல்லை. நூறு கைகளும் ஆளுக்கொரு தாளத்தில். முதல்நாள் துடைக்க எடுத்த துணியைப் பிடித்தபடி அரைமணி நேரம் நின்றுவிட்டேன்.

அந்த அழகுதான் பட்டனை அழித்துக்கொண்டிருந்தது. கைப்பூ பாறை முழுக்கப் படர்ந்து வெளிச்சத்தை மறைத்தது. அதன் நிழலில் பட்டன்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. பாறை நிறைய இருந்தவற்றில் ஏழுதான் மிச்சம்.

கைப்பூவை வெட்டினாலும் சாகாது, துண்டுகள் கடையில் வளரும் என்று சொன்னதால் அந்தம்மா கத்தரிக்கச் சம்மதித்தார். தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து, பாறையை அதில் வைத்து வெட்டினேன். பிறகு ஒரு தவறு செய்தேன். உப்புக் கலந்து பக்குவமான தண்ணீரைக் கொட்ட மனம் வராமல், வேட்டித் துணியில் வடிகட்டித் தொட்டியிலேயே ஊற்றினேன். துணிக்குத் தப்பிய துணுக்குகள் போன இடமெல்லாம் ஒட்டிக்கொண்டன. ஒரு மாதத்தில் மூலைக்கு மூலை கைகள் விரிந்தன. கடுகளவு சதைக்குள் முழு உயிரும் இருந்திருக்கிறது. பயமாகவும் இருந்தது, கும்பிடவும் தோன்றியது.

முதலாளி ஊசியில் சுண்ணாம்புக் குழம்பை அடைத்துக் கொடுத்தார். காம்பில் ஏற்றினால் கரைந்துவிடுமாம். அந்தம்மா பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி, ஊசி?"

"சுண்ணாம்புங்கம்மா."

"போட்டா செத்துடுமா?"

தலையாட்டினேன்.

"இந்த வூட்டுல வாணாம்பா."

"வுட்டா பட்டன் செத்துடுங்கம்மா."

அந்த வீட்டில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"தெரியும். ஏழு கீது. தெனம் எண்ணிக்கினுதான் இருக்கேன்" என்றார். "ரெண்டும் உசுரோட இருக்கணும். இன்னா பண்ணுவியோ, பண்ணு."

ஊசி நிரம்பியபடியே திரும்பி வந்ததைப் பார்த்த முதலாளி, "யோவ், மருந்து வைக்கப் போனியா, பொண்ணு பாக்கப் போனியா? பஜ்ஜி துன்னுட்டு வெக்கப்பட்டுக்கினு வந்துட்ட!" என்றார்.

அடுத்த வாரம் வேலை முடித்துத் தொட்டிமுன் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கைப்பூ பக்கத்துக் கல்மேல் சாய்ந்திருந்தது. அதற்கடுத்த வாரம் அந்தக் கல்லில் அடி ஊன்றியிருந்தது. மூன்றாம் வாரம் பழைய இடத்தை விட்டே போய்விட்டது. காலில்லை, கண்ணில்லை, தலையுமில்லை. இங்கே ஒரு கல் இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னது? ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். படித்திருந்தாலும் எனக்கு விடை தெரிந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

கடையிலிருந்து வெறுங்கற்கள் கொண்டுபோய், ஒவ்வொரு கைப்பூவுக்கும் பக்கத்தில், வெளிச்சம் விழும் உயரத்தில் சாய்த்து வைத்தேன். அவை ஏறின. கைப்பூ ஏறிய கற்களை வாளியில் போட்டுக் கடைத் தொட்டிக்குக் கொண்டுவந்தேன். மாதக்கணக்கில் இதுவே வேலை.

பட்டன்களுக்கு நடுவில் நின்றது மட்டும் கடைசிவரை மிஞ்சியது. ஒருநாள் சாயங்காலம் அதன் பெரும்பகுதி என் கல்லுக்கு வந்திருந்தது. பாறையோடு ஒட்டியிருந்தது ஒரு நூலிழைதான். அறுந்து துணுக்கு தங்கினால் மறுபடி முளைக்கும், ஏழும் போய்விடும். கல்லை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இழுக்காமல் இருந்தேன். அந்தம்மா பக்கத்தில் வந்து நின்றார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வீடு அது. உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"சோறு ஆறுது. பொழுது போவுது பாரு!"

"நீங்க துன்னுங்க. நான் வரல."

என் தோள் மரத்தது. நூல் நீண்டது, மெலிந்தது, பிறகு அறுபடாமல் தானாக விட்டது. பாறையில் ஒரு தழும்புகூட இல்லை. கையை வெளியே எடுத்து, கல்லை வாளித் தண்ணீரில் விட்டேன். என் நிழலில் மூடியிருந்த பட்டன்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆறு திறந்துவிட்டன. ஏழாவது அசையவில்லை. வெளியே இருட்டியே போனது. அந்தம்மா நகரவில்லை. அதுவும் திறந்தது.

"அப்பாடா" என்றார். "இனி எனக்குக் காலையிலதான் சோறு. நீ பஸ்ஸைப் புடி தம்பி."

பஸ்ஸில் வாளியைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டேன். விக்கிரவாண்டி தாண்டியதும் மூடியை விலக்கி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். அந்தக் குலுக்கலிலும் கைப்பூ விரிந்து மூடிக்கொண்டிருந்தது.