பேர் இருந்தால்தான் வீடு

மாதாவிடம் கேட்பதற்குச் சிசிலிக்கு ஒரே ஒரு வரம்தான் இருந்தது. தன் மகள் டின்சியின் பேர் தேயிலைத் தோட்டத்து மஸ்டரில் ஏறக்கூடாது. புதன்கிழமை நவநாளில் மற்றவர்கள் மகனுக்கு வேலை, மகளுக்கு மாப்பிள்ளை என்று கேட்டு அழும்போது, இவள் மட்டும் ஒன்று நடக்கக்கூடாது என்று கேட்டு அழுதாள்.

காரணம் இருந்தது. மூணாறு பக்கம், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் அந்தத் தோட்டத்தில் வீடு மனிதர்களுக்கானது அல்ல. வேலையாட்கள் பதிவான மஸ்டரில் இருக்கும் பேருக்கானது. குடும்பத்தில் ஒருவர் பேராவது அதில் இருக்கும்வரை லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்று, உண்டு. அந்தப் பேர் ஓய்வுபெறும்போது மகனோ மகளோ வந்து தன் பேரைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுக்க வேண்டும்.

பாலக்காட்டில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கி, பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு ஊர் திரும்பிய வருஷம் சிசிலி அப்படித்தான் அகப்பட்டுக்கொண்டாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா மழையில் சரிவில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். வீட்டைக் காப்பாற்ற வேறு ஆளில்லை. "ஒரு வருஷந்தாம்மா. பேங்கு பரீட்சை எழுதிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிக் கூடையை எடுத்து மாட்டினாள்.

அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. பேங்கு பரீட்சைக்கு வாங்கிய புத்தகம் ஈரத்தில் ஊறி ஒட்டிக்கொண்டது. பக்கத்து லயத்துச் சூசையப்பனைக் கட்டினாள். ரிஜோ பிறந்தான், டின்சி பிறந்தாள். அம்மாவை அதே வீட்டிலிருந்து கல்லறைக்குத் தூக்கிப்போனார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போன ரிஜோ மாமனார் வீட்டோடு ஐக்கியமாகி, கிறிஸ்துமஸுக்குக்கூடக் கூப்பிடாத மகனானான். டின்சி மட்டும் தாயின் ஜெபத்தில் வளர்ந்தவள். படித்துக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். மாதா காது கொடுத்துவிட்டாள் என்றுதான் சிசிலி நம்பினாள்.

நம்பியவளின் தலையில்தான் கல் விழும். சூசையப்பனுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது. அடுத்த மாதம் சிசிலிக்கு ஓய்வு. டின்சிக்கு இருப்பதோ விடுதியில் ஒரு கட்டில். அவள் வாங்கும் சம்பளத்தில், படுத்த அப்பனையும் வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் குடியிருக்க வழியில்லை.

"நான் வந்து பேர் குடுத்துருதேம்மா" என்று டின்சி போனில் சொன்னபோது சிசிலி சீறினாள். "அப்படி ஒரு வார்த்த இனி உன் வாயில வரக்கூடாது. அதுக்கா நான் இத்தன வருஷம் முட்டி போட்டேன்?"

அந்தச் சமயத்தில்தான் மருதாத்தாள் கூப்பிட்டாள். வேலந்தாவளத்துப் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பெண். கல்லூரியில் ஒரே பெஞ்சு, விடுதியில் ஒரே அறை.

"ஏம்புள்ள சிசிலி, உசுரோட இருக்கறயா?"

"இருக்கேன் மருதா. அது ஒண்ணுதான் மிச்சம்."

"அது போதும். ஞாயித்துக்கெழம காலேஜுல நம்ம செட்டு மொத்தமும் கூடறோம். வராம இருந்தயின்னா பஸ்ஸேறி வந்து ஒதைப்பேன்."

போனை வைத்த பிறகு சிசிலியின் மனதுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. மருதாவின் தோட்டத்தில், தென்னைகளுக்கு நடுவே இரண்டு அறை கொண்ட ஒரு சாளை வீடு உண்டு. விடுமுறைகளில் அங்கேதான் இருவரும் தங்குவார்கள். "உனக்கு எப்போ ஒரு கஷ்டம்னாலும் நேரா இங்க வந்துரோணும்" என்று அந்தக் காலத்தில் அவள் சொன்னது சும்மா சொன்னதல்ல.

ஞாயிறுக்கு முந்தின நாள் சிசிலி இருந்த ஒரே பட்டுச்சேலையைக் கட்டினாள். சூசையப்பன் கோணிய வாயால் சிரித்தார்.

"பொண்ணு கேக்கவா போற?"

"வீடு கேக்கப் போறேன்."

"மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்துல குடுக்கச் சொல்லு. எனக்குப் பேச்சுத்துணை ஆச்சு."

அவரைப் பக்கத்து வீட்டு ஞானஜோதியிடம் ஒப்படைத்துவிட்டுச் சிசிலி பஸ் ஏறினாள். மறையூரில் கரும்புப்பாகு மணந்தது. உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போகும்போது, கேட்க வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். கேட்பது கடினம். ஆனால் மகளுக்காகக் கேட்பது அவ்வளவு கடினமில்லை.

மறுநாள் கல்லூரிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் மேடையேறிக் குடும்பம், வேலை, விசுவாசம் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். ஒருத்தி கனடாவைப் பற்றிப் பேசினாள். ஒருத்தி பேரக்குழந்தைகளைப் பற்றிப் பேசினாள். சிசிலியின் முறை வந்தது.

"நான் கொழுந்து பறிக்கிறேன். அம்மாவுக்குப் பதிலா ஒரு வருஷம்னு போனேன், இன்னும் வரல. வீட்டுக்காரர் படுத்துருக்காக. விசுவாசம்னா, ஒண்ணே ஒண்ணு கேட்டு ஜெபிக்கிறேன். அது பலிச்சா மீதிய நம்புவேன்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. உழைப்பின் திருவுருவம் என்று யாரோ ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். படித்த படிப்பு வீணாய்ப் போனதைத்தான் அவள் சொன்னாள். அவர்கள் அதையே அழகு பார்த்தார்கள்.

சாப்பாட்டுத் தட்டோடு மாமரத்தடிக்குப் போனபோதுதான் மருதாவை நன்றாகப் பார்த்தாள். கழுத்து மூளியாக இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் மருதா."

"நானும் ஒண்ணு கேக்கோணும். சித்தெ இரு, நான் மொதல்ல கேட்டுக்கறேன். உட்டா எனக்குத் தைரியம் போயிரும்." மருதா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அவரு போனதுக்கு அப்பறம் பூபதிராஜா தோட்டத்த வித்துப்போட்டான். என்ற பையன்தான், வேறென்ன சொல்ல. கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டேன். இப்போ அந்த எடத்துல சைட்டுக் கல்லு நட்டிருக்கறாங்க."

"சாளை?"

"அத மொத நாளே இடிச்சாச்சு." அவள் குரல் இறங்கியது. "மருமவ ஊட்டுல எனக்குப் படுக்கை கார் நிறுத்தற எடத்துல. மழ பேஞ்சா காலு நனையும். ஏம்புள்ள, உங்க லயத்துல ஒரு மூல எனக்குக் கெடைக்குமா? கஞ்சியக் குடிச்சுட்டு உம்பட ஊட்டுக்காரரப் பாத்துக்கறேன்."

சிசிலி கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். கேட்க வந்தவளிடமே கேட்கிறாள். எந்தக் கதவைத் தட்ட இத்தனை மலை இறங்கி வந்தாளோ, அந்தக் கதவு வெளியே நின்று இவள் கதவைத் தட்டுகிறது.

"சொல்லு புள்ள. நீ என்ன கேக்க வந்தே?"

"ஒண்ணுமில்ல. உன் மொபைல்ல என் நம்பர் மாத்தியிருக்கான்னு கேக்கத்தான்."

"லயம்?"

"பாக்குதேன் மருதா. பாத்துட்டுச் சொல்லுதேன்."

 மருதா தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து இவள் தட்டில் வைத்தாள்.

திரும்பும் வழியில், அப்பனுக்கு மருந்து கொடுத்துவிட டின்சி பொள்ளாச்சி பஸ் நிலையத்துக்கு வந்திருந்தாள். சிசிலி மகளின் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெட்டுக்காயம் இல்லாத, கறை படியாத கைகள். அந்தக் கைகளுக்காகத்தான் அவள் வாழ்ந்திருந்தாள்.

மூணாறு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூவினார். தட்டுவதற்கு இனி வேறு கதவு இல்லை. இன்னும் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்லமுடியாது.

"டின்சி. நீ வந்து பேர் குடுத்துரு."

 மகள் திட்டியிருந்தால் சிசிலி தாங்கியிருப்பாள். டின்சி மருந்துப் பையை அவள் கையில் கொடுத்து, "சரிம்மா. ஒரு வருஷந்தான" என்றாள்.

பஸ் படியில் ஒரு கால் வைத்த சிசிலி மகளைத் திரும்பிப் பார்த்தாள். தான் அம்மாவிடம் அன்று சொன்ன வார்த்தையை அவள் மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் சொல்லித்தராமலே அது வந்துவிட்டிருந்தது.

அந்தப் புதன்கிழமை அவள் நவநாளுக்குப் போகவில்லை. "மாதா கோவிச்சுக்குவாக" என்றார் சூசையப்பன். "கோவிச்சுக்கட்டும். எனக்கும்தான் கோவம்" என்றாள்.

முதல் தேதி பனி விலகாத காலையில் டின்சி கதவருகே நின்றாள். இடுப்பில் கட்டும் தார்ப்பாய்த் துண்டைச் சுற்றத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியே மற்ற பெண்கள் காத்திருந்தார்கள். "பெரிய படிப்புக்காரி வாறா, வழி விடுங்கட்டி" என்று ஒருத்தி சிரித்தாள்.

சிசிலி மகளின் முன்னால் முட்டி போட்டாள். துண்டை அவிழ்த்து, மடிப்பு வைத்து, இறுக்கிச் சுற்றினாள். முடிச்சைப் பக்கவாட்டில் போட்டாள். நடுவில் போட்டால் குனியும்போது வயிற்றில் குத்தும்.

"இறுக்கமா இருக்கும்மா."

"மொத நாள் அப்படித்தான் இருக்கும்" என்றாள் சிசிலி. "அப்புறம் தெரியாது."