பகலில் தூங்குகிறவர்கள்

அலுவலகத்தைத் திறப்பதற்கு முன்னால் அம்சவல்லி ஒரு காரியம் செய்வாள். சாவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்து, படியோரம் கிடக்கும் புழுதியில் மூன்று விரலால் ஒரு சிட்டிகை அள்ளுவாள். கையை நெற்றி உயரத்துக்குத் தூக்கி, விரல்களைத் தேய்த்துத் தேய்த்து மெல்ல உதிர்ப்பாள். புழுதி எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்று பார்த்துவிட்டு, விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு பூட்டில் சாவியைப் போடுவாள். நெல் தூற்றிய குடும்பம். காற்றைப் பார்க்காமல் அவளுக்கு நாள் தொடங்காது. களம் இருந்த இடத்தில் இப்போது டிரெய்லர் லாரிகள் நிற்கின்றன.

பதினான்கு வருடமாக அவள் கிராம உதவியாளர். தலையாரி என்றால்தான் ஊரில் பலருக்குப் புரியும். கிராம நிர்வாக அலுவலர் சுப்பராயன் வந்து போகிறவர். ஊர் முழுக்க நடக்கிறவள் அவள்தான். ஊருக்கு மேற்கே ஒரகடம் போகிற சாலை, கம்பெனிகள். கிழக்கே காப்புக்காடு. காடு என்றால் பெரிய மரங்கள் இல்லை. முள்ளும் காரைச் செடியும் இடுப்பளவு மஞ்சம்புல்லும்தான். மாசி பிறந்தால் அந்தப் புல் கம்பி மாதிரி காய்ந்து, ஆடு உரசினால்கூட நொறுங்கும். காட்டுக்கும் ஊருக்கும் நடுவில், காட்டைப் பார்த்து ஒரே வரிசையாக கன்னியப்பன் கட்டி வாடகைக்கு விட்ட இருபத்திரண்டு அறைகள். மேலே அஸ்பெஸ்டாஸ் கூரை, முன்னால் ஒரு தகரக் கதவு, பின்னால் கையகலச் சிமென்ட் ஜாலி. ஜன்னல் கிடையாது. தென்மாவட்டத்துப் பையன்கள், அறைக்கு மூன்று பேர்.

பிப்ரவரியில் தாலுகா ஆபீஸிலிருந்து பேரிடர் முன்னேற்பாட்டுப் படிவம் வந்தது. பாதிக்கப்படக்கூடிய வீடுகள் எத்தனை, ஆட்கள் எத்தனை, எங்கே தங்கவைப்பது. எல்லாக் கட்டமும் வெள்ளத்தைப் பற்றியது. ஏரி உடைந்தால், மழைநீர் சூழ்ந்தால், படகு தேவைப்பட்டால்.

"சார், நெருப்புக்கு கட்டமே இல்லியே சார்?"

சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றினார். "காட்டுல எரிஞ்சா பாரஸ்ட்டு. வீட்டுல எரிஞ்சா பயர் சர்வீஸ். நமக்கு தண்ணிதான் அம்சவல்லி."

"ரெண்டுக்கும் நடுவுல எரிஞ்சா?"

"நடுவுல இன்னாத்துக்கு எரியுது? நீ மொதல்ல ஏரிக்கரை வீட்டுங்கள எழுதிக்கினு வா."

ஏரிக்கரையை முடித்துவிட்டு அவள் கன்னியப்பன் வரிசைக்கும் போனாள். பகல் பதினொரு மணி. இருபத்திரண்டில் இருபது கதவுகளில் பூட்டு. 'பூட்டு, ஆள் இல்லை' என்று வரிசையாக எழுதி முடித்துத் திரும்பி வந்தவள் பதினெட்டாம் எண் கதவருகே நின்றாள். உள்ளே செல்போன் அலாரம் அடித்தது. யாரோ அதை அணைத்தார்கள். ஒரு இருமல். கட்டில் முனகியது.

வெளியே பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"யாருபா உள்ள? யார்னா போட்டு பூட்டிட்டானுங்களா?"

"பயப்படாதீய யக்கா," என்றது உள்ளிருந்து ஒரு தூக்கக் குரல். "நான் நைட் ஷிப்ட். பகல்ல தூங்கணும்லா. பயலுவ போவும்போது பூட்டிட்டுப் போவானுவ. சாயந்தரம் வந்து தொறப்பானுவ."

"உள்ள தாப்பா போட்டுக்கினு தூங்குறதுக்கு இன்னா கேடு?"

"தாப்பா போட்டா அவனுவ வந்து தட்டோதட்டுன்னு தட்டணும். நான் எந்திரிக்க மாட்டேன். சும்மா சாத்தி வச்சா சோப்பு கேட்டு ஒருத்தன், சார்ஜர் கேட்டு ஒருத்தன். பூட்டு தொங்குனாத்தான் ஒருத்தனும் வரமாட்டான்."

"சாவி?"

"ஒண்ணுதான் இருக்கு. அது கம்பெனிக்குப் போயிருக்கு."

அம்சவல்லி திரும்பிப் பார்த்தாள். வாசலிலிருந்து நாற்பது அடியில் புல் தொடங்கியது. எழுதிய பக்கத்தை மறுபடி பார்த்தாள். 'பூட்டு, ஆள் இல்லை.' இருபது தரம்.

உள்ளே இருந்தவன் மாரிசெல்வம், சாத்தான்குளத்துக்காரன். மெயின்டனன்ஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி போனபோது தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் காட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு எழுந்து போய் ஒரு சிவப்பு அட்டையை எடுத்துவந்தான்.

"யக்கா, நாங்க மிஷினுக்குள்ள இறங்கும்போது கரண்ட் சுவிட்ச பூட்டி, இதைத் தொங்கவிடுவோம். உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். இங்கயும் அப்படியே செஞ்சிருவோமா? ஆள் படுத்திருந்தா பூட்டுல செவப்பு அட்டை. இல்லன்னா வெறும் பூட்டு."

"மறக்க மாட்டானுங்களே?"

"கம்பெனியில மறந்தா வேலை போயிரும் யக்கா. கை பழகிப்போச்சு. மறக்க மாட்டானுவ."

பழைய அட்டைகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து, பகலில் ஆள் படுக்கிற அறைகளைக் கேட்டுக் கேட்டுக் கொடுத்தான். ஐந்து அறைகள் வாங்கிக்கொண்டன. அம்சவல்லி வெள்ளப் படிவத்தின் ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'பகலில் தூங்குபவர்' என்று ஒரு கட்டத்தைத் தானே சேர்த்தாள். சுப்பராயன் அதைப் பார்த்து, "இன்னாமே இது, கவர்மெண்ட்டு படிவத்துல கோலம் போட்டுக்கினு கீற?" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

புல்லை வெட்டுவது அடுத்த வேலை. காட்டு எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் தங்களுடையது இல்லை என்றது வனத்துறை. புறம்போக்குக்கு ஆள் இல்லை என்றது ஊராட்சி. மாரிசெல்வமும் இன்னும் எட்டுப் பேரும் இரண்டு ஞாயிறு நின்று, முதல் அறையிலிருந்து பதினாறாம் அறை வரைக்கும் இருபதடி அகலத்துக்குச் செதுக்கினார்கள். மிச்ச ஆறு அறைகளுக்கு முன்னால் கல் நட்டு, முள்கம்பி இழுத்து, யாரோ மனை போட்டிருந்தார்கள். போர்டில் இருந்த எண்ணுக்கு அம்சவல்லி பத்து நாள் போன் போட்டாள். ஒரே ஒரு நாள்தான் ஒருவன் எடுத்தான். "என் இடத்துல கால் வெச்சீன்னா கேஸ் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

சித்திரை பதினைந்துக்குள் பனைமட்டைகள்கூடக் காற்றில் கலகலவென்று சத்தம் போட்டன. அந்தப் புல்லை வெட்டச் சொல்லி தாலுகா ஆபீஸில் அம்சவல்லி மூன்றாவது தரம் மனு கொடுத்தாள். "உங்க மனு போன மனுவோட சேந்துடுச்சும்மா" என்றார் எழுத்தர், அதுவே ஒரு நல்ல சேதி மாதிரி.

நெருப்பு வந்தது ஒரு வியாழக்கிழமை. பீடி என்றார்கள், குப்பை கொளுத்தியது என்றார்கள், யாரும் பார்க்கவில்லை. பதினொன்றரை மணிக்குக் காட்டுக்கு நடுவில் மெல்லிய புகை நிமிர்ந்தது. மேல்காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போனது. காட்டின் அந்தக் கரையில் ஒரு கம்பெனி மதில் இருந்ததால் தீயணைப்பு வண்டி சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று.

"தப்பிச்சோம். அந்தாண்ட போவுது" என்றார் சுப்பராயன்.

அம்சவல்லி வாசலுக்கு வந்து புழுதி எடுத்து உதிர்த்தாள். கிழக்கே சாய்ந்தது. பன்னிரண்டரைக்கு உதிர்த்தாள்; கொஞ்சம்தான் சாய்ந்தது. ஒன்றேகாலுக்கு உதிர்த்தபோது புழுதி நேராக அவள் காலடியிலேயே விழுந்தது. காற்றே இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை. ஊரே விசிறிக்கொண்டு கடல்காற்றுக்குக் காத்திருக்கிற நேரம். தினமும் இரண்டு மணி சுமாருக்கு, கிழக்கிலிருந்து, குளிர்ச்சியாக வரும்.

"சார், வண்டிய இந்தாண்ட வரச்சொல்லி போன் போடுங்க. காத்து திரும்பப் போவுது."

"எரியறது அங்க..."

"சார், இன்னும் அரை மணில இங்க!"

அவர் முகத்தைப் பார்க்க அவள் நிற்கவில்லை. கன்னியப்பன் வீட்டுக்கு ஓடினாள். அவர் அவளுக்குப் புருஷன் வழியில் மாமா முறை. சாப்பிட்ட கையோடு திண்டில் சாய்ந்திருந்தார்.

"மாமா, கடப்பாரை எடு."

"இன்னாத்துக்குமே?"

"உன் ரூம்ல புள்ளைங்க பூட்டிக்கினு தூங்குது மாமா. எடு."

"கதவ ஒடச்சா யார் மே..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

பாதி வழியில் முகத்து வியர்வை சட்டென்று குளிர்ந்தது. கடல்காற்று. எதிரே புகை ஒரு நிமிடம் எங்கே போவது என்று தெரியாததுபோல நின்றது. பிறகு மொத்தமாகத் தலைசாய்த்து அவர்களைப் பார்த்துத் திரும்பியது. புல் எரிகிற சத்தம் அதற்குப் பின்னால் வந்தது, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல.

அவள் கடைசியிலிருந்து தொடங்கினாள். இருபத்திரண்டு: வெறும் பூட்டு. இருபத்தொன்று: வெறும் பூட்டு.

கன்னியப்பன் கடப்பாரையை ஓங்கினார்.

"அது வேணாம் மாமா. அட்டை இல்ல. ஆள் இல்ல. இருபதுக்கு வா!"

இருபதில் சிவப்பு அட்டை. கொண்டியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் கதவோடு பெயர்ந்து வந்தது. உள்ளே லுங்கியோடு ஒருவன், காதில் பஞ்சு. அவள் காலைப் பிடித்து இழுத்தாள். பதினெட்டு: மாரிசெல்வமே முழித்துக்கொண்டு உள்ளிருந்து கதவை உதைத்துக்கொண்டிருந்தான். வெளியே வந்தவன் கடப்பாரையைக் கன்னியப்பனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு பதினேழுக்கு ஓடினான். அங்கே இரண்டு பேர். பிறகு எட்டு, பிறகு நான்கு. ஐந்து அட்டை, ஐந்து கதவு, ஆறு பேர். அம்சவல்லி விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள் கடைசி அறையின் அஸ்பெஸ்டாஸ் வேட்டுப் போட்டதுபோல வெடித்தது. அடுத்தது இருபத்தொன்று. சில்லுகள் சாலை வரைக்கும் தெறித்தன.

"எம் பொழப்பு போச்சே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார் கன்னியப்பன்.

"யோவ் பெருசு, எந்திரிச்சு ஓடும்வே! பொழப்ப பெறவு பாக்கலாம்," என்று மாரிசெல்வம் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

வண்டி வந்தபோது நான்கு அறைகள் போயிருந்தன. பதினெட்டின் கூரை பாதி விழுந்திருந்தது. புல் செதுக்கிய இடத்தில் நெருப்பு தானாக நின்றுவிட்டது. சாயங்காலம் தாசில்தார் வந்து பார்த்தார். 'உயிர்ச்சேதம் இல்லை' என்று சுப்பராயன் எழுதிய வரிக்குக் கீழே அம்சவல்லியும் கையெழுத்துப் போட்டாள். அவளைப் பாராட்டி இரண்டு வார்த்தை சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, சாப்பிடாமலே எழுந்துவிட்டாள். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

நிவாரணத்திலும் இழுபறி. வீட்டுக்காரருக்குத்தான், குடியிருப்பவர்களுக்கு விதி இல்லை என்றார்கள். அவள் நடையாய் நடந்து, நான்கு அறைக்கும் மும்மூன்று பேராகப் பன்னிரண்டு பெயரை ஏற்ற வைத்தாள். ஆளுக்கு ஒரு பாய், போர்வை, அரிசி. வைகாசி பிறப்பதற்குள் அதையும் கொடுத்து முடித்தாயிற்று.

அதற்கப்புறம் ஒரு நாள் அலுவலக வாசலில் ஒருவன் வந்து நின்றான். கம்பெனிச் சட்டை, கண் சிவந்திருந்தது. உள்ளே வருவதா வேண்டாமா என்று செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான்.

"இன்னாபா வேணும்?"

"யக்கா, ஐ.டி.ஐ. மார்க் ஷீட் எரிஞ்சுபோச்சு. எரிஞ்சதுன்னு இங்க எழுதி வாங்கியாந்தா புதுசு தருவோம்னு சொல்லுதாவ."

"எந்த ரூம்?"

"இருபத்தொண்ணு."

அவள் பட்டியலை எடுத்தாள். மூன்று பெயர். "உன் பேரு?"

"சுடலைக்கண்ணு."

மறுபடி பார்த்தாள். "இதுல இல்லியேபா. மூணு பேருதான் கீறாங்க."

"நான் நாலாவது ஆளுக்கா." அவன் குரல் தணிந்தது. "மூணு பேருக்கு மேல ஓனர் விடமாட்டாருல்லா. அவனுவ மூணு பேரும் பகல் வேலை. நான் நைட்டு. அவனுவ படுக்கையில நான் பகல்ல படுத்துக்கிடுவேன். ஓனருக்குத் தெரியாம பூட்டிட்டுப் போவானுவ. மாரிசெல்வம் அண்ணன் அட்டை வேணுமான்னு கேட்டாரு. பகல்ல யாரும் படுக்கதில்லன்னு சொல்லிட்டேன்க்கா. தொங்கவிட்டா ஆள் இருக்கது தெரிஞ்சுரும்லா."

அம்சவல்லியின் கை பட்டியலின் மேலேயே கிடந்தது. சுப்பராயன் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"அன்னிக்கி எங்கபா இருந்த?"

"அன்னைக்கு என் இடத்துக்கு வர வேண்டியவன் வரலைக்கா. போவக்கூடாதுன்னு சூப்பர்வைசர் புடிச்சு வச்சுக்கிட்டாரு. சாயந்தரம் வரைக்கும் லைன்லயே நின்னேன். அவரு கூட வாய்ச்சண்டை போட்டேன்."

மார்கழியிலிருந்து வாரத்துக்கு ஆறு நாள், காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரைக்கும், அவன் அந்த இருபத்தொன்றாம் அறைக்குள்தான் படுத்திருந்தான். வராமல் இருந்தது அந்த ஒரே வியாழக்கிழமை.