நாலாவது வால்

ஊரிலுள்ள காளைகளின் அந்தரங்கம் முழுவதும் லேப் அக்காவுக்கு அத்துப்படி. கால்நடை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நீளமான குழாய் ஒன்றைக் கையில் கொடுத்து, காளையின் குறியுறைக்குள் விட்டுச் சுரண்டி எடுத்துவரச் சொன்னார்கள். கூட இருந்த ஆண்களுக்கெல்லாம் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. இவள் போனாள், தொடையில் ஒரு உதை வாங்கினாள், மாதிரியோடு திரும்பினாள். அன்றிலிருந்து அந்த வேலை இவள் தலையில் விழுந்தது. தன்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பஸ் டிரைவரிடம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டுக்கு வரும் முன் கையை நன்றாகக் கழுவுவாளா என்று மட்டும் கேட்டார். கல்யாணம் நடந்தது.

அவள் தேடியது ஒற்றைச் செல் பிராணி ஒன்றை. முன்பக்கம் சாட்டை மாதிரி மூன்று வால், விலாவில் அலையடிக்கும் ஒரு சவ்வு. ஓசிச் சாப்பாடு கிடைத்ததும் வீட்டு அடுப்பை விற்றுவிட்ட குடும்பம் அது என்பாள். நம் செல்லுக்குள் ஆக்சிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது. இவற்றின் முன்னோர்கள் காற்றில்லாத இடுக்குகளில் குடியேறியபோது அதைச் சுருக்கி, மூச்சே விடாமல் காலம் தள்ளும் ஒரு சின்ன எந்திரமாக மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் பங்காளிகள் பிரிந்தார்கள். ஒருவன் பன்றியின் மூக்குக்குப் போனான், ஒருவன் மாட்டுக் குடலுக்கு, ஒருவன் காளையின் குறியுறைக்கு. குடல்காரன் பரம சாது, சாணத்தோடு வெளியே போய்விடுவான். குறியுறைக்காரன்தான் விஷமி. காளைக்கு ஒரு தும்மல்கூட வராது, ஆனால் அது சேர்ந்த பசுவுக்குக் கரு தங்காது. மலட்டு மாடு என்ற பேர் பசுவுக்குத்தான்.

“ஆம்பளைக்கு ஒண்ணும் ஆகாது, பொம்பளைக்குத்தான் பேரு கெடும். இதுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்களோ” என்று டிரைவரிடம் சொல்வாள். அவர் தனக்கும் அந்தக் கிருமிக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் ஜன்னல் வழியே பார்ப்பார்.

மருந்து கிடையாது. கிருமி இருக்கிறது என்று லேப் அக்கா சொல்லிவிட்டால் காளைக்குக் கசாப்பு வண்டிதான். ஆரம்பத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் சாயம் போட்டு, பிராணியை அசையாமல் நிறுத்தி, முன்வால்களை எண்ணுவாள். மூன்றென்றால் விஷமி, நான்கென்றால் குடல்காரன். வேலை குவியக் குவிய சாயம் போடுவது நின்றுபோனது. உயிரோடு துள்ளும்போது வாலை எண்ண முடியாது. அதனால் என்ன, நடையைப் பார்த்தாலே தனக்குத் தெரியும் என்றாள். ஆய்வக அதிகாரியும் தலையாட்டினார். சொன்னதைத் திரும்ப வாங்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. குழம்பில் உப்பு கரித்தால்கூட டிரைவரின் நாக்கில்தான் கோளாறு.

இப்படியிருக்கும்போதுதான் பால்காரம்மாவின் காளை வந்து மாட்டியது. பேர் சின்னவன். பிறந்த அன்றே தாய் செத்துப்போக, பாட்டிலில் பால் கொடுத்துப் பிள்ளைபோல் வளர்த்தவள் அவள். இனவிருத்திக்கு விடுமுன் சோதனை கட்டாயம் என்பதால் மாதிரி எடுத்தார்கள். லேப் அக்கா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள், துள்ளுகிற நடையைப் பார்த்தாள், விஷமிதான் என்று எழுதிக் கதையை முடித்துவிட்டாள்.

“அவன் இன்னும் பசு வாசனைகூடப் பாத்ததில்லக்கா” என்றாள் பால்காரம்மா.

“எல்லா அம்மாவும் இதத்தாம்மா சொல்லுவாங்க.”

இந்தப் பதிலை லேப் அக்கா ஆய்வகம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டிரைவரிடமும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

வண்டி வருவதற்கு முந்தின நாள் பால்காரம்மா ஆய்வக வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். காவலாளி சொல்லியும் எழுந்திருக்கவில்லை. என்ன வேண்டும் என்று லேப் அக்கா எரிந்து விழுந்தபோது, “அவனக் கொல்லப் போறது எதுன்னு என் கண்ணால ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்” என்றாள்.

பார்த்துத் தொலையட்டும், தொல்லை விட்டது என்று லேப் அக்கா மிச்சமிருந்த மாதிரியை எடுத்தாள். பழக்கமில்லாத கண்ணுக்கு ஓடுகிற பிராணி பிடிபடாது. ஆகவே வெகுநாளாகத் திறக்காத சாயப் புட்டியைத் தேடிப் பிடித்து, கண்ணாடித் தகட்டில் சாயம் போட்டாள். சரியாகத் தெரிகிறதா என்று முதலில் தானே குனிந்து பார்த்தாள். பழைய பழக்கம், மனம் தானாக எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வேறொன்றைப் பார்த்தாள். நாலு. அடுத்ததும் நாலு.

நாலென்றால் குடல்காரன். இளங்காளைகளை ஒரே தொழுவத்தில் அடைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடும், சாணம் படக்கூடாத இடத்தில் படும், அதோடு குடல்காரனும் ஒட்டிக்கொள்வான். இதைப் புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான்.

நேரே அதிகாரியிடம் போய்த் தான் சொன்னது தப்பு என்றாள். அவர் மேஜை விசிறி வாய் திறந்து பேசியதைப்போல அவளைப் பார்த்தார். கசாப்பு வண்டி வருவது நின்றது. சின்னவனைச் சுத்தமாகக் கழுவி மறுபடி மாதிரி எடுத்து, கிருமி இருந்தால் பெருகட்டும் என்று சத்துநீரில் விட்டு வைத்தாள், தேவைக்கு மேலேயே திரும்பத் திரும்ப எடுத்தாள். எதிலும் ஒன்றும் துள்ளவில்லை.

சேதி சொல்லத் தொழுவத்துக்கு அவளே போனாள். வாலை எண்ணாமல் விட்டதையும், இளங்காளைகள் விளையாடிய விளையாட்டையும் கூச்சப்படாமல் விளக்கினாள். பால்காரம்மா சிரிப்பாள், அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள்.

பால்காரம்மா சின்னவனின் கழுத்தைத் தடவினாள்.

“இதுக்கு முன்னாடி வண்டியேத்தி அனுப்புனதுக்கெல்லாம் எண்ணிப் பாத்தீங்களாக்கா?”

எந்தக் காளையின் முகமும் லேப் அக்காவுக்கு நினைவில் இல்லை, நடை மட்டும்தான் இருந்தது. தொழுவத்துக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவத் தொடங்கினாள். போதும்க்கா, தண்ணி வீணாகுது என்று பால்காரம்மா வந்து குழாயை மூடும்வரை கழுவிக்கொண்டிருந்தாள்.