வட்டம் சுற்றிய காலை

தண்ணீர் லாரி அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை அவருக்கு. ஓட்டுநர்களுக்கெல்லாம் அக்கா. குடம் காய்ந்த கோபத்தில் கத்துகிறவர்களையும் இரண்டு வார்த்தையில் அமர்த்திவிடுவார். "வீட்டுல நான் கூப்பிட்டா மட்டும் எப்பவும் லைன் பிஸி" என்பார் கணவர்.

வருகிற முகவரிகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். சீட்டு அச்சாகி வந்தால்தான் லாரி நகரும். அன்று காலை திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது, நிற்கவே இல்லை. வெளியே நிரம்பிய லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன.

உதவி எண்ணில் பேசியவருக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும்.

"சார், கம்ப்யூட்டர் நாட் கமிங்."

"ஹேங்? ஃப்ரோசன்? க்ராஷ்?" பொறுமையாகத்தான் கேட்டார்.

அக்காவுக்கு எல்லாம் காதில் விழுந்த சொற்கள்தான். எது எதற்கென்று யோசித்ததில்லை. வட்டம் சுற்றுவதை எப்படிச் சொல்வது? லோடிங் என்பது நாளெல்லாம் அவர் வாயில் புரளும் சொல். ஆனால் அது லாரியில் தண்ணீர் நிரப்புவது. கணினிக்கும் அதையே சொல்லலாம் என்று தோன்றவில்லை.

ஜன்னலில் காத்திருந்த ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "க்ராஷ்னு சொல்லுங்கக்கா. அப்பதான் பதறியடிச்சுக்கிட்டு பாப்பாங்க."

"க்ராஷ் சார். ஃபுல் க்ராஷ்."

அவர் அங்கிருந்தே இயக்க, திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. எல்லாம் அணைந்து, மறுபடி பளிச்சென்று வந்தது. காலையிலிருந்து ஏற்றிய முகவரிகளில் ஒன்றுகூட இல்லை. இணையம் மந்தமானதால் சேமித்து முடிக்கத்தான் வட்டம் சுற்றியிருக்கிறது. கொஞ்சம் விட்டிருந்தால் போதும்.

"சார்... ஆல் கான் சார்."

"எனிதிங் எல்ஸ், மேடம்?"

நினைவில் நின்ற தெருக்களுக்கு லாரிகளை அனுப்பினார். திரும்பக் கூப்பிட்டவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி எழுதினார். ஆனால் காலையில் ஒரு பெண் அழுதிருந்தாள்: "அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, துடைச்சுவிடக்கூட தண்ணி இல்லக்கா." எந்தத் தெரு? காதில் வாங்கி, கணினியில் தட்டிவிட்டு, மறந்துவிடுவதுதான் பழக்கம். மணி அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தார். அவள் கூப்பிடவில்லை, லாரி வந்துகொண்டிருக்கிறது என்று நம்பிக் காத்திருப்பாள்.

மாலை ஷிப்டுக்கு வந்தவரிடம், "ஒரு பொண்ணு கூப்பிடும்ப்பா, அம்மாவுக்கு முடியல. மொத வண்டிய அங்க விட்டுடு" என்றார்.

"எந்த வீடுக்கா?"

"அதான் தெரியலையே."

பையை மாட்டிக்கொண்டு கதவு வரை போனவர், திரும்பி வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.