மஹதியின் ஜாதகம் போன வழி

மயிலாப்பூர் சித்திரக்குளத்தருகே ஜாதகப் பரிவர்த்தனை நிலையம் நடத்தும் சந்திரமௌலிக்கு ரகசியம் காப்பதில் பெரிய பெயர். எந்தப் பெண்ணுக்கு எத்தனை வரன் தட்டிப்போனது என்று யார் கிளறினாலும் வாய் திறக்க மாட்டார். ஆனால் அதே பெண்ணின் பிறந்த நேரம், உத்தியோகம், வீட்டு விலாசம், கைபேசி எண் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைதோறும் மற்ற தரகர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அவர்களும் தங்களிடம் உள்ளதை அனுப்புவார்கள். அந்தத் தொழிலில் இது ரகசியத்தை உடைப்பதில் சேராது. புண்ணியக் கணக்கில் சேரும்.

மாடியில் அலுவலகம் வைத்திருந்த வக்கீல் அப்துல் வஹீத் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்.

"சார், தனிநபர் தகவலுக்குன்னு புதுச் சட்டம் வந்திருக்கு. அவங்க சம்மதம் இல்லாம இப்படி அனுப்பக் கூடாது."

"ஜாதகத்தையே கொண்டுவந்து குடுத்தாளே, அதைவிடவா சம்மதம்? பொட்டியில பூட்டி வச்சா தாலி தானா ஏறுமா ஓய்?"

"உங்ககிட்ட குடுத்தாங்க. மாம்பலத்துக்காரர்கிட்டயா குடுத்தாங்க? யாருக்கு, எதை அனுப்பறீங்கன்னு சொல்லிட்டு, சரின்னு வாங்கிட்டு அனுப்புங்க. வேண்டாம்னு சொன்னா போன இடத்துலேருந்தும் அழிக்க வைக்கணும்."

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்காராளுக்கு" என்று சந்திரமௌலி மூக்குப்பொடியைத் தட்டினார்.

மஹதி விவாகரத்தானவள். கிட்டே வரக்கூடாது என்று முன்னாள் கணவனுக்கு நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் புது வீடு, புது எண். மறுமணத்துக்குப் பதிவு செய்தபோதே, "விலாசம் யார்கிட்டயும் போகக் கூடாது மாமா. வரன் வந்தா என்கிட்ட மட்டும் சொல்லுங்கோ" என்றாள். சந்திரமௌலி தலையாட்டினார். மனப்பூர்வமான தலையாட்டல்தான். வெள்ளிக்கிழமைப் பழக்கம் அதைவிட மனப்பூர்வமானது.

திங்கட்கிழமை காலை அவள் வந்தாள். நாற்காலியைக் காட்டினார், உட்காரவில்லை.

"நேத்திக்கு அவன் போன் பண்ணினான் மாமா. 'ராஜா அண்ணாமலைபுரம் காத்து உனக்கு ஒத்துக்கறதா?'ன்னு கேட்டான். வச்சுட்டான். இந்த நம்பர் ஆபீசுக்கும் உங்களுக்கும்தான் தெரியும்."

"ஆபீஸ்லதான் யாராவது..." என்று ஆரம்பித்தார்.

"உங்க போனை எடுத்துப் பாருங்கோ."

பார்த்தார். புகைப்படம், ஜாதகம், விலாசம், எல்லாம் போயிருந்தது. மாம்பலம் தரகர் ராமானுஜத்தைக் கூப்பிட்டார். மஹதி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அந்தப் பொண்ணா? நானே உம்மைக் கூப்பிடணும்னு இருந்தேன்!" ராமானுஜத்தின் குரலில் கல்யாணக் களை. "சனிக்கிழமை ஒருத்தர் வந்தார். தம்பிக்கு மறுமணமாம். நம்மகிட்ட இருக்கற போட்டோ எல்லாத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இதைப் பார்த்ததும் 'இவதான்'னுட்டார். ஜாதகத்தைக்கூடக் கேக்கலை, விலாசமும் நம்பரும் போதும்னார். இன்னிக்குச் சாயந்தரம் பொண்ணு பார்க்கப் போறாளாம்."

"ஆள் எப்படி?"

"நல்ல மரியாதை ஓய். இடது புருவத்துல ஒரு தழும்பு."

மஹதிக்கு அந்தத் தழும்பு தெரியும். "அவன்தான்" என்றாள்.

"ராமானுஜம், அதை உடனே அழிச்சுடும். நீர் அனுப்பினவாளையும் அழிக்கச் சொல்லும்."

"அழிக்கறதா? அடையார், வேளச்சேரி தாண்டி துபாய் வரைக்கும் போயிடுத்தே! ஏன், ஜாதகத்துல தோஷமா?"

ஸ்பீக்கர் பேச்சு மாடிவரை கேட்டு வஹீத் கீழே இறங்கி வந்தார். "முதல்ல ஸ்டேஷன். யார் மூலமா போச்சுன்னு நீங்களே வந்து சொல்லணும் சார். இவங்க மட்டும் சொன்னா, பயப்படறாங்கன்னு நினைச்சு விட்டுடுவாங்க."

"போலீஸ்ல போய் நானா? முப்பது வருஷமா நிலையத்தோட பேரு..."

"சாயந்தரம் அவன் வரான் மாமா" என்றாள் மஹதி.

சந்திரமௌலி செருப்பைத் தேடினார். ஒன்றுதான் அகப்பட்டது. மற்றொன்று ஏற்கெனவே காலில் இருந்தது.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா, "யாரு குடுத்தது?" என்று கேட்டார். சந்திரமௌலி வஹீதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இரண்டிலும் உதவி இல்லை.

"நான்தான். குடுக்காதேன்னு இந்தக் குழந்தை சொல்லித்து. குடுத்தேன்."

மாலையில் மஹதியின் அடுக்குமாடி வாசலில் அவனைப் பிடித்தார்கள். கையில் பூவும் பழமும் வைத்த தட்டு. காவலாளி விசாரிக்காமல் உள்ளே விட அது போதும் என்று சரியாகவே கணக்குப் போட்டிருந்தான். கூட யாரும் வரவில்லை.

சந்திரமௌலி நிம்மதியாக மூச்சுவிட்டார். மஹதி விடவில்லை. அவன் ஜாமீனில் வருவான். விலாசமோ துபாய் வரை போய்க்கொண்டிருக்கிறது. அன்றிரவே பெட்டியுடன் இறங்கி வந்தாள். போலீஸோடு வந்து வாசலில் நின்றிருந்த சந்திரமௌலி ஓடிப்போய் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினார்.

"எங்கேம்மா போறே? அவசரத்துக்கு ஒரு நம்பராவது..."

"சொல்ல மாட்டேன் மாமா." கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"எங்க போணும்க்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

மஹதி சந்திரமௌலியை ஒருமுறை பார்த்தாள்.

"நேராப் போங்க" என்றாள். "அப்புறம் சொல்றேன்."