காருக்கு ஊற்றிக் கொடுத்த கதை

கார்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்லிவிடுவது என் வழக்கம். அமெரிக்கக் கார் என்பது சக்கரம் வைத்த சோபா. ஒரு பெட்ரோல் பங்க்கிலிருந்து அடுத்த பங்க் வரை போகத்தான் லாயக்கு. இங்கிலீஷ் கார் நல்ல கார்தான், ஆனால் வெயிலையே பார்க்காதவன் செய்தது. சூளகிரி மேட்டில் பானட்டைத் திறந்துவைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் கனவான்களை, ஐம்பதுகளில் வாரம் ஒருவராவது பார்க்கலாம். ஓசூர் சாலையில் காருக்கு முதலில் வேண்டியது ஹாரன், அப்புறம் பிரேக். எஞ்சின் மூன்றாவதுதான். பஸ்ஸை நான் ஒரு வண்டி என்றே ஒப்புக்கொண்டதில்லை.

என்னிடம் இருந்தது, வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன சின்ன இங்கிலீஷ் கார். கூடவே, பெங்களூர் பழைய பேப்பர் கடையில் வாங்கிய ரேஸ் பத்திரிகைகள் ஒரு கட்டு. ரேஸ் என்றால் எனக்கு உயிர். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர இவ்வளவு அவசரம் எதற்கு என்று என் தங்கை கேட்பாள். கொட்டாவி விடாமல் என் கார்ப் பேச்சைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அதனால் கேலி செய்ய அவளுக்கு உரிமை இருந்தது.

அந்தத் தங்கைக்குக் கிருஷ்ணகிரி சர்ச்சில் காலை பத்து மணிக்குக் கல்யாணம். அப்பா காலமாகிவிட்டதால், அவள் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டியவன் நான். பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். மாப்பிள்ளையையும் அவர் அப்பாவையும் பெங்களூரிலிருந்து என் காரிலேயே கொண்டுவந்து சேர்ப்பதாக வாயை விட்டுவிட்டேன்.

"பஸ்ஸுலயே வந்துர்றோமே, தம்பி" என்றார் பெரியவர்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த பஸ்ஸுக்கு முன்னால் போய்க் காட்டாவிட்டால் நான் எதற்குக் கார் வைத்திருக்கிறேன்?

ரேஸ் கார்களுக்குப் பெட்ரோலோடு ஸ்பிரிட் கலந்து ஊற்றுவார்கள், எஞ்சின் சூடாகாமல் பறக்கும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடும் ஸ்பிரிட் இரண்டு பாட்டில் வாங்கினேன். கல்யாணத்தன்று விடிந்ததும், மாப்பிள்ளை வீட்டு வாசலில் வைத்து ஒன்றரை பாட்டிலை டாங்கில் ஊற்றினேன். மிச்சத்தைச் சீட்டுக்கடியில் செருகினேன். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்ஜியம், யாரும் எதையும் குடிக்கலாம். ஓசூர் இருக்கும் இந்தப் பக்கம் மதுவிலக்கு. பாலிஷ் ஸ்பிரிட்டையே வடிகட்டிக் குடிக்கிறவர்களை போலீஸ் தேடிக்கொண்டிருந்த காலம். எல்லையிலேயே வளர்ந்த எனக்கு அது அன்றைக்கு மறந்துபோனது.

ஓசூர் செக்போஸ்டில் கார் இருமிக்கொண்டே நின்றது. கான்ஸ்டபிள் மூக்கை உறிஞ்சினார்.

"எறங்குங்க. எல்லாரும் வாய ஊதுங்க."

நான் ஊதினேன். மாப்பிள்ளை ஊதினார். பெரியவர் முப்பது வருஷமாகத் தெருத்தெருவாகப் போய்க் குடியின் கேட்டைப் பிரசங்கம் செய்தவர். கல்யாணக் கோட்டும் டையுமாக அவரும் ஊதினார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

"யாரும் குடிக்கலியே. அப்ப நாத்தம் எங்கேர்ந்து வருது?"

"காருக்கு ஊத்துனதுங்க" என்றேன்.

"எத்தினியோ பேரப் பாத்துட்டேன். காரு குடிச்சிருக்குன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

பத்திரிகையை எடுத்துக் காட்டினேன். அவர் படம் பார்த்துவிட்டுச் சீட்டுக்கடியில் கைவிட்டார். அரை பாட்டில் வந்தது. இன்ஸ்பெக்டர் வரும்வரை காரும் நானும் நகரக் கூடாது என்றார்.

பெரியவர் பெங்களூர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "வாப்பா, வீட்டுக்குப் போவலாம். இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம்" என்றார் மகனிடம்.

தங்கை அந்நேரம் கல்யாணப் புடவை கட்டிக்கொண்டிருப்பாள். கிருஷ்ணகிரி பஸ் வந்தது. சாலை நடுவில் போய்க் கையை விரித்து அதை நிறுத்தினேன். மாப்பிள்ளை ஏறினார். ஏறியவர், அப்பாவுக்குக் கை நீட்டினார். பெரியவர் அந்தக் கையைப் பிடித்து ஏறிக்கொண்டார்.

பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் வந்தபோது பதினொன்றரை. அவரும் என்னைப் போல ஒரு ரேஸ் பைத்தியம். பத்திரிகை முழுவதையும் புரட்டிப் பார்த்துவிட்டு, பாட்டிலைச் சாக்கடையில் கொட்டச் சொல்லி என்னை அனுப்பினார்.

நான் போனபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகத் திட்டு விழும் என்று தயாராகத்தான் தங்கையிடம் போனேன். அவள் திட்டவில்லை.

"ஒன்ன யாரு கூட்டிட்டுப் போனா?" என்று கேட்டேன்.

"சித்தப்பா வர்றேன்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். நீ வந்துருவேன்னு வாசல்லயே நின்னுட்டிருந்தேன். பாஸ்டர் ரெண்டு வாட்டி ஆளனுப்பிட்டாரு. அப்பறம் தனியாவே நடந்து போனேன்." அவள் கையிலிருந்த பூச்செண்டைப் பார்த்தபடி சொன்னாள்: "வாசல்லேர்ந்து பீடம் அவ்ளோ தூரம்னு எனக்குத் தெரியாதுண்ணா."