மாமா சினிமாவுக்குத் தைத்த ஜிப்பா

மாமா தைத்த துணி சினிமாவில் வரப்போகிறது என்ற செய்தி, உக்கடத்தில் அவர் கடை இருந்த தெரு முழுக்கப் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. பரப்பியது மாமாதான். அம்மாவின் தம்பி, நிக்காஹ் மாப்பிள்ளைகளுக்கு ஜிப்பா தைப்பதில் கெட்டிக்காரர். வாய் மட்டும் கத்தரியைவிட வேகம்.

படக் கம்பெனி ஆள் வந்து ஜிப்பா கேட்டபோது, என்ன காட்சி என்று விசாரித்திருக்கிறார். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி என்றாராம் அவர். பெருநாள் விருந்தாக இருக்கும் என்று மாமாவே முடிவு செய்து, பிஸ்தா பச்சைத் துணியில் கழுத்தைச் சுற்றி வெள்ளி ஜரிகைப் பூவேலை செய்து கொடுத்தார். மிச்சத் துணியில் அதே மாதிரி எனக்கும் ஒன்று. அப்போது எனக்கு ஏழு வயது.

படம் வந்த முதல் வாரமே அம்மாவையும் என்னையும் அழைத்துப் போனார். அந்த ஜிப்பாவைத்தான் நான் போட்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் மகளோடு வந்திருந்தார். அவள் எனக்குப் பாப்கார்ன் கொடுத்தாள். திரையில் பிஸ்தா பச்சை தெரிந்ததும் மாமா அவர் பக்கம் சாய்ந்து, "ஏனுங்க, அந்த ஜிப்பா நான் தெச்சதுங்க" என்றார்.

"அப்படீங்களா? ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று அவரும் சந்தோஷப்பட்டார்.

கம்பெனி ஆள் பொய் சொல்லவில்லை. ஜிப்பாக்காரன் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டான். தாயின் கையில் முத்தமிட்டான். பிறகு ஒரு பையை எடுத்துப் போய்ச் சந்தையில் வைத்தான். சந்தை வெடித்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவைப் பார்த்தேன். அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கதாநாயகன் அவனைத் துரத்திச் சுட்டபோது தியேட்டரே எழுந்து விசில் அடித்தது. வெள்ளிப் பூவேலை மேல் ரத்தம். எனக்குப் பொறுக்கவில்லை. இருக்கை மேல் ஏறி நின்று, "மாமா, நீங்க தெச்ச ஜிப்பா போச்சு" என்று கத்தினேன்.

முன்வரிசைக்காரர்கள் திரும்பினார்கள். என் ஜிப்பாவைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், மறுபடி என்னைப் பார்த்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மகளைத் தூக்கித் தன் மறுபக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சந்தை வெடித்தது மறந்துபோனாலும் போகும், இது எனக்கு மறக்காது.

அம்மா தன் துப்பட்டாவை என் மேல் போர்த்தினார். "லைட்டு போடறதுக்குள்ள போயிரலாங்க்கா" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஜிப்பாவைக் கழற்றி வாங்கி, "இது இனி வேண்டாங் கண்ணு" என்று பீரோவின் அடித்தட்டில் வைத்தார். ஏன் என்று சொல்லவில்லை. தையலில் ஏதோ பிசகு, அதனால்தான் எல்லோரும் அப்படிப் பார்த்தார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அதை எடுத்து, உட்புறம் வெளியே வரத் திருப்பி, கழுத்து, கை, பை என்று ஒவ்வொரு தையலாக விரல் வைத்துத் தேடினேன். ஒரு நூல்கூடப் பிசகியிருக்கவில்லை.